ஐம்பத்தெட்டாம் பெட்டியும் தலைகீழ் மலையும்

“அறுபது கோடி வருஷத்துக்கு முன்னாடி நடந்த விஷயம்னு சொல்றீங்க. சாட்சி யாராவது உயிரோட இருக்காங்களா?” என்று கேட்டார் கண்டக்டர்.

பாறைகளை ஆராய்ந்து பட்டம் வாங்கிய பாறை டாக்டருக்கு அழுகையும் சிரிப்பும் ஒரே நேரத்தில் வந்தன. காலையிலிருந்து அழுது சிவந்த கண்ணைத் துடைத்துக்கொண்டு, “இருந்த ஒரே சாட்சியைத்தான் காணோம்” என்றாள்.

கண்டக்டர் இப்போது எந்த பஸ்ஸிலும் கண்டக்டர் இல்லை. முப்பத்திரண்டு வருஷம் விசில் ஊதி ஓய்வு பெற்றவர். வீட்டில் சும்மா உட்கார்ந்து ஜன்னல் கம்பி, தெருவில் போகிற தலை, துவைத்துப் போட்ட துணி என்று எதையாவது எண்ணிக்கொண்டே இருந்ததில் மனைவிக்குப் பொறுமை போய், “என் தங்கச்சிகூடப் போய் உருப்படியா எதையாவது எண்ணுங்க” என்று அனுப்பிவிட்டாள். அந்தத் தங்கச்சிக்கு ஊரில் பெயர் ஊசி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் இருபது வருஷம் எரிந்த கிடங்கையும் கவிழ்ந்த லாரியையும் பார்த்துப் பார்த்து, எவ்வளவு இறுக்கமாகத் தைத்த பொய்யிலும் ஓட்டையைக் கண்டுபிடித்தவள். அங்கே ஒட்டிக்கொண்ட பெயர், துப்பறியும் அலுவலகம் திறந்த பிறகும் போகவில்லை.

இப்போது ஊசி தகரக் கூரை போட்ட அந்த நீளமான பாறைக் கிடங்கில் ஒரு மர ஸ்டூலில் உட்கார்ந்து, கன்னத்தில் கை வைத்திருந்தாள். சுற்றிலும் இரும்பு அடுக்குகள். அடுக்கு நிறைய நீளப் பெட்டிகள். பெட்டிக்குள் கரும்பை வெட்டி அடுக்கியதுபோல் உருளை உருளையாகக் கல். தரையைத் துளை போட்டு உள்ளேயிருந்து உருவி எடுத்த கல்.

“முதல்ல இருந்து சொல்லுங்க. நான் பள்ளிக்கூடத்துல பாறைப் பாடம் வந்த அன்னைக்கு லீவு” என்றாள் ஊசி.

பாறை டாக்டர் ஜன்னலைக் காட்டினாள். தூரத்தில் பச்சையாகக் குன்று வரிசை ஒன்று படுத்துக் கிடந்தது.

“அது ஒரு காலத்துல எட்டு கிலோமீட்டர் உயரம்.”

“அதுவா?” என்றார் கண்டக்டர். “எங்க பன்னெண்டாம் நம்பர் வண்டி ரெண்டாவது கியர்லேயே ஏறிடும்மா.”

“தேஞ்சு போச்சு சார். மழையும் காத்தும் அத்தனை வருஷம் தேய்ச்சா என்ன ஆகும்?”

“நான் முப்பத்திரண்டு வருஷத்துலேயே தேஞ்சுட்டேன்.”

“அத்தான், கொஞ்சம் வாயை மூடுங்க” என்றாள் ஊசி. “நீங்க சொல்லுங்க டாக்டர்.”

டாக்டர் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்து, ஒன்றையொன்று நோக்கி மெதுவாக நகர்த்தினாள். “ரெண்டு நிலம். நடுவுல ஒரு கடல். நகம் வளர்ற வேகத்துல நிலம் ரெண்டும் நெருங்கி வந்துச்சு. கடல் மூடிப்போச்சு. அப்புறம் மோதல். ஒண்ணு இன்னொண்ணுக்கு அடியில நுழைஞ்சுது. மேல மலை எழும்பினது எல்லாருக்கும் தெரியும். கீழ என்ன ஆச்சுங்கறதுதான் என் வேலை. கடலடிச் சேறா இருந்த கல்லு முப்பத்தஞ்சு கிலோமீட்டர் ஆழத்துக்குப் போயிருக்கு. எண்ணூறு டிகிரி சூடு. தலைமேல மொத்த மலையோட பாரம். ஆனா பெரும்பாலும் உருகலை. கல்லாவே இருந்து உள்ளுக்குள்ள உருமாறிடுச்சு. சேறு போய், அதுல சிவப்புச் சிவப்பா கார்னெட் மணி வளர்ந்துச்சு. எவ்வளவு ஆழம், எவ்வளவு சூடுன்னு அந்த மணியே சொல்லிடும்.”

“அப்ப, ரொம்ப ஆழத்துக்குப் போன கல்லு நல்லா வெந்த கல்லு. ஆழம் கம்மின்னா அரைவேக்காடு” என்றாள் ஊசி.

“அதேதான். அந்தக் குன்றுல ஐந்நூறு மீட்டர் துளை போட்டோம். நூத்தி இருபத்தஞ்சு பெட்டி கல்லு வந்துச்சு. மேல இருக்கிற அம்பத்தேழு பெட்டியும் நல்லா வெந்த கல்லு. கீழ இருக்கிறதெல்லாம் அரைவேக்காடு.”

ஊசி நிமிர்ந்தாள். “கீழ போகப் போகத்தானே சூடு அதிகம்? வெந்தது கீழேயும் வேகாதது மேலேயும்தானே இருக்கணும்?”

“அங்கதான் வம்பே. மோதின வேகத்துல ஆழத்துல இருந்த பாளம் பிச்சுக்கிட்டு, மேல ஏறி, வேகாத பாளத்து மேல சறுக்கி உட்கார்ந்துடுச்சுன்னு நான் எழுதினேன். மலையே தலைகீழா அடுக்கியிருக்கு. எங்க துறைத்தலைவர் ஒத்துக்கலை. மலை தலைகீழ் இல்லை, உன் பெட்டிங்கதான் தலைகீழ், லாரியில இருந்து இறக்கும்போது வரிசை மாறிப்போச்சுங்கறார். மாத்தினதே நான்தான்னு வெளியில பேசறாங்க. இன்னைக்கு மூணு மணிக்கு வெளியூர்ல இருந்து விசாரணைக் குழு வருது.”

“பெட்டி வரிசை சரின்னு நிரூபிக்க வழியே இல்லையா?”

“ஒரே வழி. உருளை ஒடியற இடம் கிழிஞ்ச காகிதம் மாதிரி. அந்தந்த முனை அதனதன் ஜோடிகூட மட்டும்தான் பொருந்தும். வெந்ததும் வேகாததும் ஒட்டற இடம் அம்பத்தெட்டாம் பெட்டி. அதோட முதல் துண்டு அம்பத்தேழோட கடைசித் துண்டுகூடப் பொருந்தி, அதோட கடைசித் துண்டு அம்பத்தொன்பதோட முதல் துண்டுகூடப் பொருந்தினா, யாரும் எதையும் மாத்தலைன்னு அர்த்தம்.”

“காணாமப் போனது அம்பத்தெட்டு” என்றாள் ஊசி.

டாக்டர் தலையாட்டினாள். “பெட்டி இல்லேன்னா, பொருந்தாதுன்னு தெரிஞ்சு நானே ஒளிச்சுட்டேன்னுதான் எழுதுவாங்க. வேலை போகும். அது போனாலும் பரவாயில்லை. இனிமே நான் எந்தக் கல்லைக் காட்டினாலும், இதை எங்கேயிருந்து பொறுக்கினேன்னு கேட்பாங்களே, அதைத்தான் தாங்க முடியாது.”

கிடங்கின் மறுகோடியில் ஒரு மேஜைக்குப் பின்னால் இன்னொரு பெண் உட்கார்ந்திருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். திறந்து வைத்த பதிவேட்டின் ஒரே பக்கத்தை அரை மணி நேரமாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

“அது யாரு?” என்றார் கண்டக்டர்.

“ஸ்டோர் கீப்பர்.”

“அது போர்டுலேயே இருக்கு. நீங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துடக் கூடாதுன்னு இவ்வளவு கஷ்டப்படறதைப் பார்த்தா சொந்தக்காரங்க மாதிரி இருக்கே.”

டாக்டர் குரலைத் தணித்தாள். “என் நாத்தனார். வீட்டுக்காரரோட கூடப் பிறந்தவ. எட்டு மாசமாப் பேச்சு வார்த்தை இல்லை.”

“என்ன விஷயத்துல?”

“திரைச்சீலைக் கலர்ல.”

கண்டக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். “மலை மோதினதுக்காவது ஒரு காரணம் இருந்துச்சு.”

ஐம்பத்தேழுக்கும் ஐம்பத்தொன்பதுக்கும் நடுவில் அடுக்கு பல் விழுந்த வாய்போல இருந்தது. தலை உயரத்தில் ஐந்தாவது தட்டு. ஊசி பக்கத்துப் பெட்டியைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு முனைகூட அசையவில்லை.

“முப்பத்தஞ்சு கிலோ” என்றாள் பின்னாலேயே வந்து நின்ற நாத்தனார். டாக்டர் இருந்த பக்கம் அவள் முகம் திரும்பவில்லை. “ரெண்டு ஆள் வேணும். தள்ளுவண்டிக்குச் சக்கரம் ஒடிஞ்சு பத்து நாளாச்சு.”

“பெட்டியைக் கடைசியா எப்பப் பார்த்தீங்க?”

“புதன்கிழமை இருந்துச்சு. திங்கட்கிழமை இல்லை. பதிவேட்டுல யாரும் கையெழுத்துப் போட்டு எடுக்கலை.”

“சாவி?”

“ரெண்டு. ஒண்ணு என்கிட்ட. ஒண்ணு துறைத்தலைவர்கிட்ட.”

கேட்டதற்கு அளவாகப் பதில் சொல்லிவிட்டு அவள் தன் மேஜைக்குப் போய்விட்டாள். ஊசி பெட்டி இருந்த இடத்தை விட்டுவிட்டுத் தரையில் குந்தி உட்கார்ந்தாள். அடுக்குக்குக் கீழே ஒரு முழ அகலத்துக்குத் துடைப்பம் எட்டாத மூலை. அங்கே படிந்த புழுதியில் வட்ட வட்டமாக அச்சு.

“அத்தான், உங்களுக்கு வேலை வந்திருக்கு. இதை எண்ணுங்க.”

கண்டக்டரின் உதடு அசைந்தது. “முப்பத்திநாலு. வரிசைக்கு ரெண்டு ரெண்டா, ஸ்கூல் பிள்ளைங்க மாதிரி.”

“அம்பத்தெட்டுல மொத்தம் எத்தனை துண்டு டாக்டர்?”

“முப்பத்திநாலு!”

ஊசி கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள். “பெட்டியை யாரும் தூக்கிக்கிட்டுப் போகலை. மேல இருந்து ஒவ்வொரு கல்லா எடுத்துக் கீழ நிக்க வச்சிருக்காங்க. அப்புறம் வெறும் பெட்டியை இறக்கியிருக்காங்க. ரெண்டு பேர் வந்திருந்தா பெட்டியோட தூக்கியிருப்பாங்க. ஒருத்தர்தான் வந்திருக்கார். பலசாலியும் இல்லை. அவசரமும் படலை. கிடங்குச் சாவி கையில இருந்தாத்தான் இவ்வளவு நிதானம் வரும்.”

“பெரிய சாவி பெரிய மனுஷன்கிட்ட இருக்கு” என்றார் கண்டக்டர். “வா, போய் டிக்கெட்டைக் கேட்போம்.”

துறைத்தலைவரின் அறை துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அவரும் அப்படித்தான் இருந்தார். சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டும் ஒரே உயரத்தில்.

“என்னைச் சந்தேகப்படறீங்க” என்றார், அவர்கள் உட்காருவதற்கு முன்பே. “நியாயம்தான். நானா இருந்தாலும் முதல்ல என்னைத்தான் சந்தேகப்படுவேன்.”

திருட்டுக் கேஸில் இப்படி ஒத்துழைக்கிற ஆளை கண்டக்டர் பார்த்ததில்லை. மனசுக்குள் தயாராக வைத்திருந்த மூன்று நக்கலும் வீணாகிப் போயின.

துறைத்தலைவர் ஒரு கடித நகலை எடுத்து நீட்டினார். வியாழக்கிழமை தேதி. குழுவின் முன்னால் காட்டுவதற்கு ஐம்பத்தெட்டாம் பெட்டியைத் தயாராக வைக்கும்படி ஸ்டோர் கீப்பருக்கு எழுதியது. அடியில், பெற்றுக்கொண்டேன் என்று நாத்தனாரின் கையெழுத்து.

“முனை பொருந்தலைன்னா நான் ஜெயிச்சேன். பொருந்தினா அந்த அம்மா ஜெயிச்சாங்க. எதுவானாலும் பெட்டி இருந்தாத்தான் நடக்கும். நான் எதுக்கு எடுக்கணும்?”

“பொருந்திடும்னு பயம் இருந்தா?” என்றாள் ஊசி.

“பயம் இல்லை. சந்தேகம்தான். அதுக்கு ஒரு காரணமும் இருக்கு.” அவர் ஒரு பெரிய படத்தை விரித்தார். கல்லைச் சீவி மெல்லிய வில்லையாக்கி லென்ஸில் எடுத்த படம். உருண்டையான மணி ஒன்று. அதற்குள் தண்ணீர்ச் சுழிபோல் கோடுகள். “தரைவிரிப்புக்கு அடியில கோலிக்குண்டு மாட்டியிருக்கும்போது விரிப்பை இழுத்தா என்ன ஆகும்? குண்டு உருளும். மேல் பாளம் சறுக்கும்போது நடுவுல மாட்டின கார்னெட்டும் உருண்டிருக்கு. உருண்டுக்கிட்டே வளர்ந்திருக்கு. அதனால உள்ள சுழி. சுழி எந்தப் பக்கம் போகுதோ, மலை எந்தப் பக்கம் நகர்ந்துச்சுன்னு தெரிஞ்சுடும். டாக்டரம்மா அம்பத்தெட்டுல எட்டுத் துண்டை ஆராய்ஞ்சாங்க. ஏழு மணி கிழக்குல இருந்து மேற்கேன்னு சொல்லுது. பத்தொன்பதாம் துண்டுல இருக்கிற மணி மட்டும் மேற்குல இருந்து கிழக்கேங்குது. மலை என்ன, பாதி வழியில எதையோ மறந்துட்டுத் திரும்பிப் போச்சா?”

“எங்க வீட்டு அம்மா அப்படித்தான்” என்றார் கண்டக்டர். அடக்கி வைத்ததில் ஒன்றாவது வெளியே வந்த நிம்மதி அவருக்கு.

“நான் பெட்டி வரிசையைச் சந்தேகப்பட ஆரம்பிச்சதே அந்த ஒரு மணியாலதான். கேட்டா, காரணம் தெரியலைன்னு அவங்களே எழுதியிருக்காங்க. அந்த நேர்மை எனக்குப் பிடிச்சிருக்கு. ஆனா பிடிச்சிருக்குன்னு கையெழுத்துப் போட முடியாதே.”

வெளியே வந்ததும் ஊசி கடித நகலை மறுபடி பார்த்தாள். “புதன்கிழமை பெட்டி இருக்கு. வியாழக்கிழமை இந்தக் கடிதம் போகுது. திங்கட்கிழமை பெட்டி இல்லை. கடிதத்தைப் படிச்சவங்க ஒரே ஒருத்தர்.”

“நாத்தனார்! எனக்கு அப்பவே தெரியும். திரைச்சீலைக்குப் பழி. பெட்டியை மறைச்சா அண்ணிக்கு வேலை காலி.”

“இருக்கலாம். ஆனா கல்லு எங்க? தள்ளுவண்டி இல்லை. முப்பத்திநாலு கல்லையும் பஸ்ல கொண்டுபோக முடியுமா?”

“லக்கேஜ் போட்டிருப்பேன்.”

இரண்டு கட்டடத்துக்கும் நடுவே கிடங்கு வாசலுக்குப் போகிற சின்னப் பாதை. இரண்டு பக்கமும் பூச்செடி. செடிக்கு வரம்பாக, வேண்டாத உருளைக் கற்களைப் பாதி புதைத்து நட்டு வெள்ளையடித்திருந்தார்கள். கண்டக்டர் நடந்தார். பழக்க தோஷத்தில் உதடு தானாக அசைந்தது. பாதி வழியில் நின்றுவிட்டார். திரும்பிப் போய் மறுபடி நடந்து வந்தார்.

“என்ன அத்தான், செருப்பு கடிக்குதா?”

“ஊசி, இடது பக்கம் பாரு. ஜாணுக்கு ஒண்ணு. காலை நீட்டி உட்கார்ந்து வர்ற மத்தியான வண்டி. வலது பக்கம் பாரு. தோளோட தோள் இடிச்சுக்கிட்டு நிக்குது. காலையில எட்டரை மணி வண்டி. அதே பாதை, அதே நீளம். இவ்வளவு கூட்டம் எப்படி வந்துச்சு?”

“எண்ணினீங்களா?”

“இடது இருபத்தெட்டு. வலது அறுபத்திரண்டு.”

ஊசி மனசுக்குள் அறுபத்திரண்டில் இருபத்தெட்டைக் கழித்துப் பார்த்தாள். பிறகு செடியோரம் கிடந்த பூவாளியை எடுத்து, வலது பக்கக் கற்களின்மேல் தண்ணீரைச் சாய்த்தாள். பழைய கல்லில் சுண்ணாம்பு அசையவில்லை. அதற்கு அடுத்த கல்லில் பாலாகக் கரைந்து ஓடியது. உள்ளேயிருந்து சாம்பல் நிறக் கல் வெளிப்பட்டது. அதில் மாதுளை முத்து பதித்ததுபோல் சிவப்பு மணிகள்.

“முப்பத்திநாலு பேரும் ஓசி டிக்கெட்டு!” என்று கூவினார் கண்டக்டர்.

“உஷ்.” ஊசி ஒரு கல்லை அசைத்துப் பிடுங்கினாள். மண்ணுக்குள் இருந்த பகுதியில் மடித்துச் சுற்றிய பிளாஸ்டிக் தாள். தாளைப் பிரித்தால் கீழ்நோக்கி ஒரு சிவப்பு அம்புக்குறி, பக்கத்தில் டாக்டர் கையால் எழுதிய எண், ஒன்று. அடுத்த கல், இரண்டு. அதற்கடுத்தது, மூன்று. கடைசிக் கல்லைப் பிடுங்கினாள். முப்பத்திநான்கு.

அவள் மண் படிந்த கையோடு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“பாருங்க அத்தான். பழி வாங்கணும்னு நினைச்சவ வரிசை மாறாம நடுவாளா? முனை நனையக் கூடாதுன்னு ஒவ்வொண்ணுக்கும் தாள் சுத்துவாளா? குட்டையில வீசியிருப்பா. இது ஒளிச்சு வச்ச மாதிரி இல்லை. பத்திரப்படுத்தின மாதிரி இருக்கு.”

“பத்திரப்படுத்தறவ எதுக்கு எடுக்கணும்?”

கிடங்கு ஜன்னலில் ஒரு முகம் தெரிந்தது. இவர்கள் கையில் இருந்த கல்லைப் பார்த்தது. உடனே மறைந்தது.

“அதை அவங்களே சொன்னாத்தான் உண்டு” என்றாள் ஊசி. “நாம போய்ப் பிடிச்சா, திருடின்னு ஒரு பேர்தான் மிஞ்சும். அண்ணிக்கும் நாத்தனாருக்கும் அப்புறம் எட்டு மாசம் எட்டு வருஷமாயிடும். கல்லு கிடைச்சுதுன்னு மட்டும் சொல்வோம். ஒரு வாளித் தண்ணி கொண்டு வாங்க, இதுங்களைக் குளிப்பாட்டணும்.”

மூன்று மணிக்குக் குழு வந்தது. வெள்ளைத் தலையோடு ஒரு அம்மாள் தலைவி. கூட இரண்டு பேர். கிடங்கின் நடுவே நீள மேஜை. அதன்மேல் ஐம்பத்தேழு, ஐம்பத்தொன்பது, நடுவில் ஒரு வெற்றுப் பெட்டியில் குளித்து முடித்த முப்பத்திநான்கு கற்கள். கல் வளாகத்துக்குள்ளேயே கிடைத்தது என்று மட்டும் ஊசி சொல்லியிருந்தாள். கண்டக்டர் சுவரோரம் நின்றார். அவருக்கு எதிர்ச் சுவரில் நாத்தனார், முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டு நின்றாள்.

பாறை டாக்டர் ஐம்பத்தேழின் கடைசித் துண்டை ஒரு கையிலும், ஐம்பத்தெட்டின் முதல் துண்டை மறு கையிலும் எடுத்தாள். சேர்த்தாள். ஒரு கோணத்தில் இடித்தது. மெதுவாகத் திருப்பினாள்.

டக்.

இரண்டு கல்லும் ஒரே கல்லாயின. ஒடிந்த இடத்தில் தலைமுடி அளவு கோடு மட்டும் தெரிந்தது. தலைவி வாங்கி, தானே பிரித்து, தானே பொருத்திப் பார்த்தாள். மறுகோடியில் முப்பத்திநான்காம் துண்டும் ஐம்பத்தொன்பதும் சேர்ந்தபோது அதே சத்தம். கண்டக்டருக்கு விசில் அடிக்க வேண்டும்போல் இருந்தது.

“நடுவுல பாருங்க” என்றாள் டாக்டர். குரலில் தெம்பு வந்திருந்தது. “பதினாலுல இருந்து இருபத்தி மூணு வரைக்கும். கல்லு பிசைஞ்ச மாவை இழுத்த மாதிரி இழுபட்டிருக்கு. ரெண்டு பாளமும் உரசின இடம் இதுதான்.”

துறைத்தலைவர் குனிந்தார். சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்துக் கண்ணில் வைத்து, ஒவ்வொரு துண்டாகப் பார்த்துக்கொண்டே போனார்.

“பெட்டி மாறலை” என்றார் நிமிர்ந்து. “ஒத்துக்கறேன். மாறியிருக்கும்னு நான் சொன்னது தப்பு.” டாக்டர் மூச்சு விட்டாள். அவர் தொடர்ந்தார். “ஆனா பத்தொன்பது? அதுக்குப் பதில் வேணுமே. ஒரு சாட்சி மட்டும் மாத்திச் சொன்னா, மத்த ஏழு பேரையும் எப்படி நம்பறது?”

“தெரியலை சார்” என்றாள் டாக்டர். “ரெண்டு வருஷமாத் தெரியலை. அந்த ஒரு மணியை நினைச்சுத் தூங்காத ராத்திரி எத்தனையோ.”

தலைவி எதையோ குறித்துக்கொண்டாள். பேனா காகிதத்தில் உரசுகிற சத்தம் கண்டக்டருக்குப் பிடிக்கவில்லை.

“நான் ஒண்ணு சொல்லலாமா?”

எல்லோரும் திரும்பினார்கள். நாத்தனார் முந்தானையை விட்டுவிட்டு ஓரடி முன்னால் வந்திருந்தாள். முகம் வெளுத்துப் போயிருந்தது.

“அந்தப் பெட்டியை நான்தான் எடுத்தேன். தோட்டத்துல நட்டு வச்சதும் நான்தான்.”

கண்டக்டர் ஊசியைப் பார்த்தார். ஊசி டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் எட்டு மாதத்தில் முதல்முறையாக நாத்தனாரை நேராகப் பார்த்தாள்.

“லாரி வந்த அன்னைக்கு நல்ல மழை” என்றாள் அவள். “நான் வேலைக்குச் சேர்ந்து மூணாவது நாள். இந்தப் பெட்டியை இறக்கும்போது என் கை வழுக்கிடுச்சு. எல்லாம் கொட்டிப்போச்சு. அப்ப கல்லுல நம்பர் கிடையாது, அம்பு மட்டும்தான். அம்பைப் பார்த்து மேல் கீழ் சரியா வச்சு, கண்ணுக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஒவ்வொண்ணா அடுக்கினேன். யார்கிட்டேயும் சொல்லலை. ஒரு மாசம் கழிச்சு அண்ணி ஓடி வந்து, மலை தலைகீழா இருக்குன்னு சொன்னாங்க. வீட்ல எல்லாருக்கும் ஒரே கொண்டாட்டம். எனக்கு மட்டும் தொண்டையில எதுவும் இறங்கலை. மலையைத் தலைகீழாக் கவுத்ததே நான்தானோன்னு.”

ஒருவரும் சிரிக்கவில்லை. கண்டக்டர்கூட.

“அப்புறம் அண்ணி முகத்தைப் பார்க்கவே முடியலை. திரைச்சீலை எல்லாம் ஒரு சாக்கு. போன வியாழக்கிழமை சார் கடிதம் வந்ததும் உயிரே போயிடுச்சு. பொருத்திப் பார்த்தா என் தப்பு வெளியில வந்து, அண்ணியோட பேரு கெட்டுப்போகும். குழு வந்துட்டுப் போற வரைக்கும் மறைச்சு வச்சா சந்தேகத்தோட முடிஞ்சுடும்னு நினைச்சேன். சந்தேகம்தான் இதைவிடப் பெரிய ஆபத்துன்னு எனக்குத் தெரியலை.” அவள் துறைத்தலைவரைப் பார்த்தாள். “சார், பத்தொன்பதைப் பத்திக் கேட்டீங்களே. கீழ விழுந்ததுல மேல் முனை நொறுங்கினது ஒரே ஒரு கல்லுதான். மேல பொருந்தாததால எந்தப் பக்கம் பார்க்க வைக்கறதுன்னு தெரியாம சும்மா வச்சேன். அது அந்தக் கல்லா இருக்குமா?”

டாக்டர் திறந்த வாய் மூடாமல் நின்றாள். “நொறுங்கின முனையைப் பார்த்துட்டு, இது பொருந்தாதுன்னு விட்டுட்டேன்” என்றாள் தனக்குள் பேசுவதுபோல். “கீழ் முனையைப் பார்க்கவே இல்லை. ரெண்டு வருஷம்!”

ஆனால் துறைத்தலைவர் முந்திக்கொண்டார். பத்தொன்பதை எடுத்து இருபதின் தலையில் நிறுத்தினார். ஆடியது. கால்வாசி திருப்பினார். இன்னும் ஆடியது. சரியாக அரைச் சுற்றுத் திருப்பினார்.

டக்.

“கிழக்கைப் பார்க்க வேண்டியது மேற்கைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கு!” அந்தத் துடைத்து வைத்த மனிதர் சத்தம் போட்டே சிரித்துவிட்டார். “கல்லைத் திருப்பினா சுழியும் திரும்பிடுச்சு. டாக்டர், உங்க எட்டாவது சாட்சியும் கிழக்குல இருந்து மேற்கேதான்!”

“எட்டுக்கு எட்டு” என்றார் கண்டக்டர். “ரைட், வண்டி போகலாம்.”

மேஜையைச் சுற்றிச் சிரிப்பு பரவியது. நாத்தனார் மட்டும் சிரிக்காமல் தலைவியையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைவி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டாள்.

“பெட்டி வரிசை மாறியிருக்கா இல்லையான்னு பார்த்து எழுதச் சொல்லித்தான் எங்களை அனுப்பியிருக்காங்க. மாறலைன்னு எழுதப் போறேன். ஒரு கல்லு திரும்பியிருந்துச்சு, அதைத் திருப்பினது யாருன்னு தைரியமாச் சொன்ன ஆளால ஒரு புதிர் தீர்ந்துச்சுன்னும் எழுதுவேன். தோட்டத்தைப் பத்தி என்னை யாரும் எதுவும் கேட்கலை.”

குழு டீ குடிக்கப் போனது. டாக்டர் மேஜையைச் சுற்றி வந்து நாத்தனாரின் முன்னால் நின்றாள்.

“அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?”

“திட்டுவீங்கன்னு பயம்.”

“திட்டத்தான் செய்வேன். ரெண்டு வருஷம்டி! ரெண்டு வருஷம் அந்த ஒரு கோலிக்குண்டு என் தூக்கத்தையே தின்னுச்சு.” சொல்லும்போதே குரல் உடைந்தது. இழுத்து அணைத்துக்கொண்டாள். “ஆனா மலையைக் கவுத்தது நீ இல்லைடி. அது தானாவே கவுந்தது. உன்னால ஒரே ஒரு துண்டு திரும்பிச்சு, அவ்வளவுதான்.”

நாத்தனார் அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். கண்டக்டர் கூரையில் இருந்த தகரத்தை எண்ண ஆரம்பித்தார். ஊசிக்கு அது எதற்கென்று தெரியும். பார்க்காததுபோல் வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் பெட்டியை உள் அறையில் பத்திரமாக வைக்க வேண்டிய வேலை வந்தது. முப்பத்தைந்து கிலோ. கண்டக்டர் உதவிக்குப் போனார். “நீங்க விடுங்க சார், எங்களுக்குப் பழக்கம்” என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். டாக்டர் ஒரு முனையையும் நாத்தனார் மறு முனையையும் பிடித்துத் தூக்கினார்கள்.

“உன் பக்கம் தூக்கு. சாயுது பாரு.”

“நீங்க வேகமா நடக்கறீங்க அண்ணி. ஒரே சீரா நடங்க.”

“நான் சீராத்தான் நடக்கறேன். கீழ பார்த்து வா. இன்னொரு தடவை போட்டே, அவ்வளவுதான்.”

“அப்படியே சொல்லிக்கிட்டு இருந்தா கை வழுக்காம என்ன செய்யும்?”

உள் அறைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு பேருக்கும் கை காலியில்லை. கதவை யார் திறப்பது என்று அவர்கள் அடுத்த சண்டையைத் தொடங்குவதற்குள், துறைத்தலைவர் டீக் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார். கதவை அகலத் திறந்து, முதுகால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பெட்டி உள்ளே போகும்வரை நின்றார்.